உமிக்குக் கரண்ட் குடுத்தா என்ன வரும்? மின் ஊக்கியை அடியில இருந்து விளங்கிக்கொள்ளுவம்

போன கிழமை வெள்ளவத்தையில என்ர ஏ.எல். கெமிஸ்ட்ரி வகுப்பு முடிஞ்சு பிள்ளைகள் புத்தகம் அடுக்கேக்க ஒரு பிள்ளை வந்து கேட்டுது, "மிஸ், உமியில இருந்தும் தும்புத்தூளில இருந்தும் கரண்ட் எடுக்கிறதுக்கு ஒரு ஊக்கி கண்டுபிடிச்சிருக்கினமாம், உண்மையோ?" எண்டு. போனில வந்த ஒரு வீடியோ. அதைக் கேட்ட உடனேயே பக்கத்தில நிண்ட மற்றப் பிள்ளை, "அப்ப இனி டீசல் தேவையில்லை என்ன?" எண்டுது.

"தலைகீழா விளங்கியிருக்கிறீர்" எண்டு சொல்லிப்போட்டு திரும்ப வைற்போட்டுக்குப் போனன். அண்டைக்கு அரை மணித்தியாலம் கதைச்சதைத்தான் இங்க ஆறுதலா எழுதுறன், ஏனெண்டா இதே பிழையைப் பெரிய ஆக்களும் செய்யினம். இந்த வேலையில நாங்கள் உமியில இருந்து கரண்ட் எடுக்கிறேல்ல. கரண்டைக் குடுக்கிறம். குடுத்து, உமியில இருந்து பிரிச்செடுத்த மூலக்கூறுகளை, இப்ப மசகெண்ணெயில இருந்து செய்யிற பெறுமதியான இரசாயனமா மாத்துறம். அந்த மாத்தத்தை ஒழுங்கா, வேண்டிய பக்கமாக் கொண்டுபோறதுதான் மின் ஊக்கியின்ர வேலை.

## பயோமாஸ் எண்டா ஒரே சாமான் இல்லை

உயிர்த்திணிவு, அதாவது பயோமாஸ் எண்டா மரம் செடியில இருந்து வாற எதுவும்: உமி, வைக்கோல், மொறட்டுவை மரக்காலையளில குவியிற மரத்தூள், தேங்காய்த் தும்பு. பார்க்க எல்லாம் ஒரே குப்பை மாதிரி இருந்தாலும் உள்ளுக்க மூண்டு முக்கிய பங்காளியள் இருக்கினம். செலுலோசு எண்டது குளுக்கோசு மூலக்கூறுகள் ரயில் பெட்டி மாதிரி நீளத்துக்குக் கோத்தது. ஹெமிசெலுலோசு வேற சீனிகளால ஆன, கிளை விட்ட சங்கிலி. இலிக்னின் எண்டது இது இரண்டையும் பிடிச்சு வைக்கிற பசை மாதிரி, வளையம் வளையமாப் பின்னின இறுக்கமான சாமான். தென்னந்தும்பு தண்ணியில கிடந்தும் கெதியா உக்காததுக்கு அதில இலிக்னின் கனக்க இருக்கிறதும் ஒரு காரணம்.

இப்ப ஒரு முக்கியமான விசயம். உமியை அப்பிடியே அள்ளி மின்பகுப்புக் கலத்துக்குள்ள (கரைசலுக்குள்ளால கரண்ட் விட்டு மாத்தம் செய்யிற பாத்திரம்) போட்டா ஒண்டும் நடக்காது. கரண்ட் போற குச்சியான மின்வாய் ஒரு திண்மம், உமியும் ஒரு திண்மம், இரண்டு கல்லை முட்ட வச்ச மாதிரித்தான் இருக்கும். முதல்ல அமிலமோ நொதியமோ போட்டு செலுலோசை உடைச்சுச் சீனியாக்கோணும், பிறகு சீனியில இருந்து தண்ணியைக் கழட்டோணும். குளுக்கோசைப் பிரக்டோசு எண்ட சீனியா உருமாத்தி, அந்த ஒரு பிரக்டோசு மூலக்கூறில இருந்து மூண்டு தண்ணி மூலக்கூறு போனா வாற சாமானுக்குப் பேர் ஹைட்ரொக்சிமெதைல் ஃபர்ஃபியூரல், சுருக்கமா எச்.எம்.எஃப். இது உங்களுக்குப் புதுசு இல்லை. கரமல் புடிங்குக்குச் சீனியை உருக்கி அது பொன்னிறமா வரேக்க ஒரு வாசம் வருமே, அந்தப் பாகில எச்.எம்.எஃப். இருக்கு. தேனைக் கனக்கச் சூடாக்கினாலும் வரும், அதாலதான் தேன் பழுதோ எண்டு பார்க்கேக்க இதை அளக்கிறது.

ஹெமிசெலுலோசில இருந்து இதே மாதிரி ஃபர்ஃபியூரல் எண்ட சாமான் வரும். அமெரிக்காவில 1922இலயே ஓட்ஸ் கோதில இருந்து இதை வியாபாரமாச் செய்யத் தொடங்கிட்டினம், அப்ப கோதில இருந்து இரசாயனம் எண்டது நூறு வருசப் பழைய கதை.

சுருக்கமா இதுவரைக்கும்: உமி நேர கலத்துக்குள்ள போறேல்ல. உமி சீனியாகி, சீனி எச்.எம்.எஃப். ஆகி, அது தண்ணியில கரைஞ்ச பிறகுதான் கரண்டுக்கு வேலை.

## இரண்டு பென்சில், ஒரு பற்றரி

வகுப்பில நான் செய்து காட்டுறது இதுதான். இரண்டு பென்சிலை இரண்டு பக்கமும் சீவி, ஒரு கிளாஸ் தண்ணியில சலவைச் சோடா கொஞ்சம் கரைச்சு (கறியுப்புப் போடாதேங்கோ, குளோரீன் வரும்), 9 வோல்ட் பற்றரியைக் கொழுவுறது. இரண்டு பென்சில் முனையிலயும் குமிழி வரும். மறைப் பக்கம் வாறது ஐதரசன், அது கனக்க வரும். நேர்ப் பக்கம் வாறது ஒட்சிசன், கிட்டத்தட்ட அதின்ர அரைவாசி.

கரண்ட் போற அந்தக் குச்சிக்குத்தான் மின்வாய் எண்டு பேர். நேர்ப் பக்கத்து மின்வாயில, தண்ணியில இருக்கிற சாமானிட்ட இருந்து இலத்திரனைப் பிடுங்கிறது, அதுக்குப் பேர் ஒட்சியேற்றம். மறைப் பக்கத்தில இலத்திரனைக் குடுக்கிறது, அது தாழ்த்தல். ஒரு பக்கம் பிடுங்காமல் மற்றப் பக்கம் குடுக்க ஏலாது, இரண்டும் ஒரே நேரத்தில சம அளவில நடக்கோணும். இது வடிவா மனசில நிக்கோணும், மிச்சக் கதை முழுக்க இதிலதான் தொங்குது.

இப்ப அந்த ஒட்சிசன் குமிழியைப் பாருங்கோ. வெயில், காத்துக் கரண்டால தண்ணியை உடைச்செடுக்கிற பச்சை ஐதரசன் எண்டு உலகம் முழுக்கக் கதைக்கினமே, அதில ஐதரசனுக்குத்தான் விலை, ஒட்சிசனைக் கனபேர் காத்தில விட்டிடுவினம். ஆனா தண்ணியை உடைக்கக் குறைஞ்சது 1.23 வோல்ட் வேணும் எண்டு கணக்குச் சொன்னாலும் உண்மையில அதை விட நல்லாக் கூடக் குடுக்க வேண்டியிருக்கு, அந்தக் கூடுதல் செலவில பெரிய பங்கு இந்த ஒட்சிசன் பக்கத்தாலதான். ஒரு ஒட்சிசன் மூலக்கூறு உருவாக நாலு இலத்திரன் படிப்படியாப் போகோணும், அது மெல்லமா நடக்கிற வேலை. விக்க ஏலாத சாமானைச் செய்யத்தான் கூடக் கரண்ட் கட்டுறம்.

அப்ப ஆக்கள் யோசிச்சினம், நேர்ப் பக்கத்தில இலத்திரனைத் தண்ணியிட்ட இருந்து பிடுங்காமல் எச்.எம்.எஃப்.இட்ட இருந்து பிடுங்கினா என்ன? ஐதரசன் அந்தப் பக்கம் வழமை போல வரும், இந்தப் பக்கம் பிரயோசனமான ஒரு சாமான் வரும், வோல்ட்டும் குறையும். இந்த ஒரு யோசனைக்காகத்தான் இவ்வளவு ஆய்வும்.

## எச்.எம்.எஃப். என்னவாகுது

எச்.எம்.எஃப். மூலக்கூறுக்கு ஒரு முனையில அற்ககோல் கூட்டம், மற்ற முனையில அல்டிகைட்டுக் கூட்டம். இரண்டையும் ஒட்சியேத்தினா இரண்டு முனையும் அமிலமாகும், அந்தச் சாமானுக்கு எஃப்.டி.சி.ஏ. எண்டு சுருக்கப் பேர். அல்டிகைட்டு முனைக்கு 2 இலத்திரன், அற்ககோல் முனைக்கு 4, மொத்தம் 6.

இரண்டு முனையிலயும் அமிலம் இருக்கிறதில என்ன விசேசம் எண்டா, ரயில் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கொக்கி இருந்தாத்தான் நடுவில கோக்கலாம். எஃப்.டி.சி.ஏ.யைக் கிளைக்கோலோட (இரண்டு முனையிலயும் அற்ககோல் கூட்டம் இருக்கிற சாமான்) மாறி மாறிக் கோத்தா பி.இ.எஃப். எண்ட பிளாஸ்ரிக் வரும். நாங்கள் சோடா குடிக்கிற பெற் போத்தல் இருக்கே, அதுக்கு மாத்தீடாப் பாவிக்கக்கூடிய சாமான், சோடாவின்ர காஸ் கசியிறதும் பெற்றை விட இதில நல்லாக் குறைவு. பெற் செய்யத் தேவையான அமிலத்தை மசகெண்ணெயில இருந்து வாற சைலீனை 200 பாகை செல்சியஸ் கிட்டச் சூடாக்கி, அமுக்கத்தில காத்தை அடிச்சுத்தான் செய்யினம். மின் வழியில அறை வெப்பநிலையில, திறந்த பாத்திரத்தில கூடச் செய்யலாம். 2004இல அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் பயோமாஸில இருந்து செய்யக்கூடிய முக்கிய இரசாயனங்கள் எண்டு போட்ட பட்டியலிலயும் எஃப்.டி.சி.ஏ. இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம், எனக்கு இந்தக் கணக்கு நல்ல விருப்பம். 126 கிராம் எச்.எம்.எஃப். முழுக்க மாறினா 156 கிராம் எஃப்.டி.சி.ஏ. வரும். மூலக்கூறுக்கு 6 இலத்திரன் எண்டபடியால் அதுக்கு 6 × 96,485 கூலோம் ஏற்றம் போகோணும் (126 கிராம் எண்டது ஒரு மூல் எச்.எம்.எஃப்., 96,485 எண்டது ஒரு மூல் இலத்திரனின்ர ஏற்றம்). போன் சார்ஜர் குடுக்கிற மாதிரி 2 அம்பியர் கரண்டை விட்டா 80 மணித்தியாலம் எடுக்கும். அதே 80 மணித்தியாலத்தில மற்றப் பக்கம் 6 கிராம் ஐதரசனும் வந்திருக்கும், 6 கிராம் எண்டா சின்னனாத் தெரியும், ஆனா அது 70 லீற்றரைத் தாண்டின காஸ். ஒரு கிலோ எஃப்.டி.சி.ஏ.க்கு, கலம் 1.5 வோல்ட்டில ஓடி ஒரு இலத்திரனும் வீண் போகாட்டி, சுமார் 1.5 யுனிட் கரண்ட்.

ஒரு இலத்திரனும் வீண் போகாட்டி. அந்த "போகாட்டி"க்குள்ளதான் ஊக்கியின்ர பிரச்சினை முழுக்க இருக்கு.

## ஊக்கி சக்தி குடுக்கிறேல்ல

ஊக்கி எண்டா மாத்தத்தைக் கெதியாக்கிற, ஆனா தான் முடிஞ்சு போகாத சாமான். ஏ.எல். பிள்ளைகளுக்கு இது பாடம். மின் ஊக்கி எண்டது மின்வாயின்ர மேற்பரப்பில இருந்துகொண்டு அதே வேலையைச் செய்யிறது. கனபேர் ஊக்கி எண்டதும் அதுதான் சக்தி குடுக்குது எண்டு நினைக்கினம்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில இருக்கு. கொழும்பில இருந்து எந்த ரோட்டால போனாலும் அந்த உயரத்தை ஏறத்தான் வேணும், அதுக்குரிய எரிபொருளை ஒருத்தரும் மிச்சம் பிடிக்க ஏலாது. ஆனா ஒரு ரோட்டு நடுவில 2,200 மீற்றர் மலை ஒண்டில ஏறி இறங்கிப் போகுதெண்டா அந்த மேலதிக ஏத்தம் வீண் செலவு. எரிபொருள்தான் வோல்ட். ஊக்கி அந்த ரோட்டு. நல்ல ஊக்கி மேலதிக ஏத்தத்தைக் குறைக்கும், நுவரெலியாவின்ர உயரத்தைக் குறைக்காது. அந்த மேலதிக ஏத்தத்துக்கு மிகைஅழுத்தம் எண்டு பேர்.

ஆனா கெதி மட்டும் காணாது. ரோட்டு நுவரெலியாவுக்குப் போகாமல் பதுளைக்குக் கொண்டுபோய் விட்டா? அதாலதான் இன்னும் இரண்டு அளவு பார்க்கிறது. மாறின எச்.எம்.எஃப்.இல எவ்வளவு பங்கு நாங்கள் கேட்ட சாமானா மாறினது எண்டது தெரிவுத்திறன். அனுப்பின 100 இலத்திரனில எத்தனை கேட்ட வேலைக்குப் போனது எண்டது பரடே வினைத்திறன். இந்த இரண்டையும் சொல்லாமல் "கரண்ட் நல்லாப் போகுது" எண்டு மட்டும் ஆராவது சொன்னா நம்பாதேங்கோ, போற கரண்டில பாதி ஒட்சிசன் குமிழிக்குப் போயிருக்கலாம்.

## தோசைக்கல்லை யோசியுங்கோ

தோசைக்கல்லில மா ஊத்தேக்க மா கல்லில கொஞ்சம் பிடிக்கோணும், பிடிக்காட்டி பரத்த ஏலாது, அகப்பையோட இழுபட்டு வரும். ஆனா கனக்கப் பிடிச்சா தோசை கிளம்பாது, கல்லே பழுது, அடுத்த தோசை ஊத்தவும் இடமில்லை. ஊக்கியும் இதேதான். மூலக்கூறு வந்து மேற்பரப்பில ஒட்டோணும், ஒட்டி மாறோணும், மாறினதும் விட்டிட்டுப் போகோணும். பிடி கனக்கவும் கூடாது குறையவும் கூடாது எண்ட இந்த விசயத்தை விளக்கினவர் பிரான்ஸைச் சேர்ந்த போல் சபாத்தியே, 1912இல இரசாயனவியல் நோபல் பரிசு வாங்கினவர். அவற்ற பேரிலயே இதைச் சபாத்தியே தத்துவம் எண்டு சொல்லுறது. ஊக்கி வடிவமைக்கிறது எண்டு சொல்லுறதில பெரும்பங்கு இந்தப் பிடியைச் சரிபண்ணுறதுதான், உலோகத்தை மாத்தி, இரண்டு உலோகத்தைக் கலந்து, மேற்பரப்பில இடைக்கிடை அணு இல்லாத இடம் விட்டு எண்டு.

தோசைக்கல்லில இன்னொண்டும் இருக்கு. புதுக் கல்லில தோசை வராது, எண்ணெய் பூசிப் பழக்கோணும், பழகின பிறகு தோசை சுடுறது வெறும் இரும்பில இல்லை, அதுக்கு மேல உருவான அந்தக் கறுத்தப் படலத்தில. நிக்கல் மின்வாயும் அப்பிடியே பழகும். எச்.எம்.எஃப்.க்குக் கனபேர் பாவிக்கிறது நிக்கல், ஏனெண்டா பிளாற்றினம், பொன் மாதிரி விலை இல்லை, இந்த வேலைக்குப் பாவிக்கிற காரக் கரைசலில (அமிலத்துக்கு எதிர்மாறான கரைசல்) நிண்டு பிடிக்கும். நிக்கல் உலோகத்தைக் காரக் கரைசலில வச்சு வோல்ட்டைக் கூட்டிக்கொண்டு போனா மேல நிக்கல் ஐதரொட்சைட்டுப் படலம் வரும், 1.35 வோல்ட் அளவில (ஐதரசன் மின்வாயோட ஒப்பிட்டு அளக்கிற கணக்கில) அந்தப் படலம் ஒரு ஐதரசனை இழந்து கறுத்து நிக்கல் ஒட்சிஐதரொட்சைட்டா மாறும். இந்தக் கறுத்த சாமான்தான் உண்மையான வேலைக்காரன். அது எச்.எம்.எஃப்.இட்ட இருந்து ஐதரசனைப் பறிச்சு, தான் பழையபடி ஐதரொட்சைட்டா இறங்கும், கரண்ட் அதைத் திரும்ப ஏத்திவிடும், திரும்பப் பறிக்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கி இதே சுத்து. ரிமோட்டுக்குப் போடுற நிக்கல் றீசார்ஜ் பற்றரியில சார்ஜ் ஏறி இறங்கிறதும் இதே மாத்தம்தான், பற்றரியில கரண்ட் திரும்ப எங்களிட்ட வருது, இங்க எச்.எம்.எஃப். அதை வாங்கிக்கொள்ளுது. நிக்கல் இப்பிடிச் சேதனச் சேர்வைகளை ஒட்சியேத்தும் எண்டு 1971இலயே ஃபிளைஷ்மன், கொரினெக், பிளெச்சர் எண்ட மூண்டு ஆய்வாளர்களும் விளக்கிப்போட்டினம். 1991இல போலந்து ஆய்வாளர்கள் நிக்கல் மின்வாயில 71% எஃப்.டி.சி.ஏ. எடுத்துக் காட்டினவை.

அதால "இந்தப் புது ஊக்கி நிக்கல் பொசுபைட்டு" "இது நிக்கல் சல்பைட்டு" எண்டு பேர்களைப் பார்த்து மயங்காதேங்கோ. கலத்துக்குள்ள போய்க் கரண்ட் ஏறினதும் கனக்கத்தில மேற்பரப்பு இதே ஒட்சிஐதரொட்சைட்டாத்தான் மாறுது. போத்தலில எழுதின பேர் வேற, கலத்துக்குள்ள வேலை செய்யிற சாமான் வேற.

சுருக்கமா: வோல்ட் சக்தியைக் குடுக்கும், ஊக்கி வழியைக் குடுக்கும், அந்த ஊக்கியின்ர உண்மையான முகம் வேலை செய்யேக்கதான் தெரியும்.

## தண்ணிதான் எதிராளி

கலம் முழுக்கத் தண்ணி. எச்.எம்.எஃப். அதில கொஞ்சம்தான். வோல்ட்டைக் கூட்டினா தண்ணியும் ஒட்சிசனா உடையத் தொடங்கும், அப்ப இலத்திரன் அந்தப் பக்கம் போயிடும். எச்.எம்.எஃப். மாறத் தொடங்கிற வோல்ட்டுக்கும் ஒட்சிசன் கனக்க வரத் தொடங்கிற வோல்ட்டுக்கும் இடையில ஒரு சின்ன இடைவெளிதான் எங்களுக்கு வேலைசெய்யிற இடம். அந்த இடைவெளியை அகலமாக்கிற ஊக்கிதான் இங்க நல்ல ஊக்கி. நிக்கலோட இரும்பு கொஞ்சம் சேர்ந்தா ஒட்சிசன் வாறது பாய்ச்சலாக் கூடும், காரத்தில அழுக்கா இருக்கிற துளி இரும்பே காணும். பச்சை ஐதரசன் செய்யிறவைக்கு அது நல்ல செய்தி. எங்களுக்கு அதே இரும்பு கவனமாப் பார்க்க வேண்டிய சாமான்.

மறைப் பக்கத்திலயும் இதே கதை. ஃபர்ஃபியூரலுக்கு இலத்திரன் குடுத்து ஃபர்ஃபியூரைல் அற்ககோலா மாத்தலாம், அது வார்ப்படப் பிசின் செய்யப் போற சாமான். அதுக்குப் பிளாற்றினத்தைப் போட்டா அது ஐதரசனை அவ்வளவு சுகமாச் செய்யும் எண்டபடியால் இலத்திரன் எல்லாம் ஐதரசன் குமிழியாப் போயிடும். செப்பு ஐதரசன் விசயத்தில சோம்பல், அதாலதான் இங்க செப்பு பிரயோசனம். உலகத்தில விலை கூடின ஊக்கியளில ஒண்டு இந்த வேலைக்குச் சரிவராது. எந்த வேலைக்கு எண்டு சொல்லாமல் "நல்ல ஊக்கி" எண்டு கதைக்கிறதில அர்த்தமில்லை.

வடிவமும் முக்கியம், ஆனா அது விளங்கிறது சுகம். தட்டையான தகட்டை விடப் பாத்திரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான நிக்கல் நுரையைப் போட்டா மேற்பரப்பு பல மடங்கு கூடும்.

## உமியில இருந்து போத்தல் வரைக்கும் இன்னும் என்ன இருக்கு

ஆய்வுக் கட்டுரையளில 95% தாண்டின விளைவு இப்ப சாதாரணமா வருது. ஆனா கவனிச்சுப் பாருங்கோ, கனக்கத்தில கரைசலில எச்.எம்.எஃப். 10 மில்லிமூலர்தான். ஒரு லீற்றரில 1.26 கிராம், கால் தேக்கரண்டிச் சீனி அளவு. தொழிற்சாலைக்கு அது காணாது, ஆனா செறிவைக் கூட்டினா எச்.எம்.எஃப். காரத்தில தனக்குத் தானே ஒட்டிக் கபிலக் களியாப் போகும், அது மின்வாயில படிஞ்சு ஊக்கியையும் மூடும். இப்ப ஆக்கள் மினக்கெடுற பெரிய இடம் இதுதான், எனக்கும் இதில நடக்கிற முன்னேற்றத்தைத்தான் பார்க்க ஆசை. நெதர்லாந்தில டெல்ஃப்சைலில அவன்ரியம் கொம்பனி 2024இல திறந்த எஃப்.டி.சி.ஏ. தொழிற்சாலை வருசம் 5,000 தொன் அளவு, ஆனா அது வெப்ப ஊக்கி வழி, மின் வழி இல்லை.

கரண்ட் எங்க இருந்து வருது எண்டதும் கேக்கோணும். நுரைச்சோலை நிலக்கரிக் கரண்டில இதைச் செய்தா புகை இடம் மாறினதுதான் மிச்சம். ஆனா 2025 ஏப்ரல் புத்தாண்டு லீவில மின்சார சபை கூரையில சோலார் வச்சிருக்கிறவையைப் பகலில ஓஃப் பண்ணச் சொல்லிக் கேட்டது ஞாபகம் இருக்கோ, பாவிக்க ஆளில்லாமல் வெயில் கரண்ட் மிஞ்சினது. இந்தக் கலங்களுக்கு 1,000 பாகைச் சூளை மாதிரி நாள்க்கணக்காச் சூடேறத் தேவையில்லை, அந்தப் பகல் நேரத்தில சுவிச்சைப் போட்டா ஓடத் தொடங்கும்.

வகுப்பில அந்தப் பிள்ளை கடைசியாக் கேட்டது, "மிஸ், அப்ப அந்தக் கரைசலுக்குள்ள இருந்து சாமானை எப்பிடி வெளியில எடுக்கிறது?" எண்டு. நல்ல கேள்வி, கனபேர் கேக்க மறக்கிற கேள்வி. காரத்தில எஃப்.டி.சி.ஏ. உப்பாக் கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். கலத்தை நிப்பாட்டி, கரைசலை வடிச்சு, கண்ணாடிக் கோலால கலக்கிக் கலக்கி அமிலத்தைத் துளித் துளியா விடோணும். முதல்ல ஒண்டும் தெரியாது. பிறகு ஒரு இடத்தில கரைசல் பால் விட்ட மாதிரிக் கலங்கும், கலக்கிறதை நிப்பாட்டி வச்சா கொஞ்சத்தால முகவையின்ர அடியில வெள்ளைத் தூளாப் படிஞ்சிருக்கும்.